முகம் வாசிக்கும் குலசேகரம்

பொய்யைக் கண்டுபிடிக்க வல்லரசுகள் எவ்வளவோ செலவழித்து இயந்திரம் செய்து வைத்திருக்கின்றன. முந்தல் ஊரில் அந்த இயந்திரம் சுழல்கதிரையில் அமர்ந்து பாலில்லாத பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தது. பெயர் குலசேகரம், காப்புறுதி அலுவலகத்தின் இழப்பீட்டு விசாரணை அதிகாரி. விண்ணப்பத்தை அவர் வாசிப்பதில்லை, விண்ணப்பதாரியின் முகத்தை வாசிப்பார்.

அந்த மேலான வாசிப்புக்கு உச்சமுனைக் கிராமத்திலிருந்து மீனவன் கிரிசாந்தும் வந்து நின்றான். காற்றில் படகு கவிழ்ந்து எஞ்சின் கடலோடு போய்விட்டது. பொலிஸ் முறைப்பாடு, மீனவர் சங்கக் கடிதம், படங்கள் எல்லாம் கொண்டுவந்திருந்தான். மீன்பிடிப் பருவம் முடிய ஆறு கிழமைதான் இருந்தது. அதற்குள் புது எஞ்சின் இல்லாவிட்டால் படகில் கோழி அடைகாக்கும்.

ஒரே குறை, இருபது வருட வெயிலும் உப்பும் தின்ற முகத்தையும் கூடவே கொண்டுவந்திருந்தான். சிவந்த கண்கள்; இடது கண் பாதிதான் திறக்கும்.

“ஏன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு கதைக்கிறீர்?”

“கடல் வெளிச்சம் ஐயா. பழகிப்போச்சு.”

“நேர்மையானவனுக்கு ரெண்டு கண்ணும் திறந்திருக்கும்.”

கோப்பில் சிவப்பு மை விழுந்தது: ‘தோற்றம் திருப்தியில்லை. மோசடி.’ மேன்முறையீட்டுக்குப் பத்து நாள் கொடுத்தார்கள்.

கிரிசாந்தின் மனைவி சுஜி சிலாபத்தில் உடுப்புக்கடையில் வேலைக்கு நிற்கும் தன் தம்பி கில்பட்டை வரச்சொன்னாள். படகைக் கண்டாலே கில்பட்டுக்குக் குமட்டிச் சத்தி வரும். ஆனால் கல்யாணப் படத்தில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்க விடமாட்டார்கள், அப்படியொரு அழகான முகம்.

“அத்தான், நாளைக்கு நான்தான் கிரிசாந்த்.”

“கள்ளவேலையெல்லோ மச்சான்?”

“நீங்க உண்மையைச் சொல்லிப் பார்த்தீங்கதானே,” என்றாள் சுஜி.

மனம் கேட்காமல் கிரிசாந்தும் கூடப்போய் வாசலில் கிடந்த மர வாங்கில் குந்தியிருந்தான். உள்ளே, ‘கிரிசாந்த்’ என்று கில்பட் பெயர் சொன்னதும் குலசேகரம் கதிரையை விட்டு எழும்பிக் கைகொடுத்தார்.

“அப்ப அன்றைக்கு வந்தவன்?”

இந்தக் கேள்விக்கு கில்பட் ஒத்திகை பார்க்கவில்லை. சும்மா சிரித்தான். அது போதுமாயிருந்தது.

“உங்கட பெயரில வந்த கள்ளன். கண்டவுடனே பிடிச்சிட்டன்,” என்றார் குலசேகரம்.

பிறகு கில்பட் நீட்டிய அடையாள அட்டையை எடுத்தார். அதிலிருந்து ஒன்றரைக் கண்ணால் கிரிசாந்த் பார்த்தான்.

“படம் பிடிக்கிறவங்கள் மனிசரை எப்படிக் கெடுக்கிறாங்கள் தம்பி,” என்று இரங்கியபடியே இழப்பீட்டுக்கு ஒப்பமிட்டார். நிமிர்ந்தபோது வாங்கு கண்ணில் பட்டது. “அந்தா, திரும்பவும் வந்திட்டான். பொலிசுக்குச் சொல்லவோ?”

“விடுங்க சேர், பாவம்,” என்றான் கில்பட். அந்தப் பெருந்தன்மையில் குலசேகரத்துக்குக் கண் கலங்கியது. காவலாளி கிரிசாந்தை வீதிவரை தள்ளிக்கொண்டுபோய் விட்டான்.

அடுத்த கிழமை எஞ்சின் வந்தது. கிரிசாந்த் கடலுக்குப் போனான். ஆள்மாறாட்டக்காரனைப் பிடித்ததற்காகத் தலைமையகம் குலசேகரத்துக்குச் சான்றிதழ் அனுப்பியது. அது இப்போதும் அவர் மேசைக்கு மேலே தொங்குகிறது. ‘முகம் பார்த்தே மோசடிக்காரனைக் கையாண்டவர்’ என்று அதில் இருப்பது எழுத்துக்கு எழுத்து உண்மை. அந்த வருடம் அந்த அலுவலகத்துக்கு ஒரேயொரு மோசடிக்காரன்தான் வந்தான்; அவனை அவர் கைகொடுத்து, பிளேன்ரீ கொடுத்து அனுப்பிவைத்தார்.