கெட்டுப்போக மறுத்த ஜெல்

அறையில் இருந்தவர்கள்: ஒப்பந்த ஆராய்ச்சியாளன், பக்கத்து மேசைக்காரர், கண்ணாடிப் பாத்திரம் கழுவும் அக்கா, இரண்டு கிண்ணம் ஜெல். வரவேண்டிய கிருமி மட்டும் வரவில்லை.

இரண்டும் கடற்பாசியில் காய்ச்சிய ஜெல், புண்ணில் பூச. ஒன்றில் கிருமிக்கொல்லி மருந்து விட்டிருந்தான். மற்றது வெறும் ஜெல். வெறும் ஜெல் கெட்டு, மருந்து ஜெல் கெடாமல் நின்றால்தான் மருந்து வேலை செய்கிறது என்று காட்டமுடியும். வெள்ளிக்கிழமை இயக்குநர் வந்து பார்ப்பார். காட்டாவிட்டால் வேலை அன்றோடு சரி.

ஆறு நாளாகியும் வெறும் ஜெல் பளிங்கு மாதிரி இருந்தது.

"மூடியைத் திறந்து வையேன்," என்றார் மேசைக்காரர்.

வைத்தான். தூசி விழுந்தது. அவ்வளவுதான்.

"உன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பக்கத்துல வை. அதைவிடவா கிருமி வேணும்?"

அதையும் வைத்தான். கழுவாத விரலால் அழுத்தினான். குனிந்து மேலே தும்மினான். மறுநாள் மேசைக்காரருக்குக் காய்ச்சல். ஜெல்லுக்கு ஒன்றுமில்லை.

வியாழக்கிழமை சாக்கடைத் தண்ணீர் ஒரு கரண்டி கொண்டுவந்து ஊற்றினான். அறை நாறியது. நாற்பத்தொரு வயதில், ஒரு பூஞ்சணப் புள்ளிக்காக ஏங்கியபடி கிண்ணத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தான்.

"என்ன தம்பி, முகமே சரியில்லையே?" என்றாள் அக்கா.

"வேலை போயிடும்போல இருக்குக்கா."

அவள் குனிந்து தரையைத் துடைத்தாள்.

மறுநாள் இயக்குநர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"இதுல மருந்து இல்லைங்கறீங்க?"

"ஒரு சொட்டுகூட இல்லை சார்."

"சாக்கடையை ஊத்தியும் கெடலை."

"ஆமா சார்."

"அப்ப மருந்து எதுக்கு? மருந்து கலக்க நீங்க எதுக்கு?"

சாயங்காலம் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். சாவிக்கொத்தோடு அக்கா பின்னாலேயே வந்தாள்.

"மனசே கேக்கலை தம்பி. ஒரு கிண்ணத்துல மருந்து விட மறந்துட்டீங்களே, மேலே இருக்கறவங்க பாத்தா திட்டுவாங்களேன்னு, தினமும் நீங்க கிளம்பினதும் நான்தான் நாலு சொட்டு விட்டுக்கிட்டிருந்தேன். அப்படியும் அனுப்பிட்டாங்களே," என்றபடி, அவனுக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினாள்.