பதுங்குகுழிக்கு வந்த அப்பா

"ராஜப்பா, அந்தப் பச்சைத் துண்டைக் கழட்டித் தொலை!"

மேடைத் திரைக்குப் பின்னால், அப்பா வேஷத்தில் நின்றவனிடம் முனிராஜ் பதறினான். ஓசூர் தொழிற்சாலையின் ஆண்டுவிழா நாடகப் போட்டி. போர் வேண்டாம் என்று அவன் எழுதிய நாடகம். குண்டு விழும் பதுங்குகுழிக்கு நலம் விசாரிக்க வரும் அப்பா, துப்பாக்கியோடு நிற்கும் மகனிடம் கேட்பார்: "பக்கத்துக் குழிப் பையன் எத்தனை பேரைச் சுட்டான்? நீ ஏன் கம்மி?"

அந்த அப்பா, துண்டிலிருந்து கனைப்பு வரை, முனிராஜைப் பெற்ற வேப்பனப்பள்ளி கங்கப்பனேதான். மாந்தோப்பை விட்டு வரமாட்டார் என்ற தைரியத்தில் எழுதியது. வந்துவிட்டார். மகன் வேலை பார்க்கும் இடத்தை முதல்முறையாகப் பார்க்க வந்து, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். மனம் நொந்து திரும்பினால் மகன் எந்த முகத்தோடு ஊருக்குப் போவான்?

"துண்டுக்குப் பதிலா?"

"மேனேஜர் கோட்டு தொங்குது பார், மாட்டு!"

ராஜப்பன் மாட்டினான். முனிராஜ் திரையை விலக்கிப் பார்த்தான். மகனின் கம்பெனிக்கு மரியாதையாக, வேட்டிக்கு மேல் தன் கல்யாணக் கோட்டைப் போட்டு வந்திருந்தார் கங்கப்பன்.

"கோட்டைக் கழட்டு!"

"ஒரு முடிவுக்கு வாங்கண்ணே."

"கன்னடத்துல பேசிடு. வேற ஊரு அப்பான்னு ஆயிடும்."

"நான் ஊத்தங்கரைண்ணே. கன்னடத்துல பஸ்சு ஏறத்தான் தெரியும்."

முனிராஜ் விரலை ஆட்டினான். குரல் திரையைத் தாண்டிப் போனது. "போன வருசம் பெயிண்ட் ஷாப் முத்துமணி, தெலுங்கே தெரியாம தெலுங்குல நடிச்சு கப்பு வாங்கினான். நீ என்னத்தக் கிழிச்ச?"

திரை விலகியது. காலி எண்ணெய் பேரலைத் தட்டிக் குண்டு போட்டார்கள். ராஜப்பன் குழிக்குள் குதித்தான்.

"ஏனப்பா..." என்றான். "ஏனப்பா..." என்றான் மறுபடியும். 'என்னப்பா' என்பதற்கான அந்த ஒரு சொல்லோடு அவன் கன்னடம் தீர்ந்தது. எழுதித் தந்த தமிழும் கூடவே போய்விட்டது. பயத்தில், ஒத்திகை முழுக்க முனிராஜிடம் கேட்டுப் பழகியதுதான் வாயில் வந்தது. விரலை ஆட்டினான்.

"பெயிண்ட் ஷாப் பையன் போன சண்டையிலயே கப்பு வாங்கிட்டான். நீ என்னத்தக் கிழிச்ச? சாகறதுன்னாலும் நிமிந்து சாவுடா, நாலு பேரு பாக்கறாங்க!"

கூடம் அதிர்ந்தது. எதிரிக் குழியிலிருந்து எதிரியின் அப்பா எழுந்தார். "அதை ஏன் கேக்கறீங்க, எங்க வீட்டு எதிரியும் இதே தண்டம்தான்!" இரண்டு அப்பாக்களும் சம்மணம் போட்டுப் பிள்ளைகளைத் திட்டத் தொடங்க, பிள்ளைகள் வெட்கத்தில் துப்பாக்கியைப் போட்டுவிட்டுக் கைகோத்து வெளியேறினார்கள். போர் முடிந்தது. விசில் முடியவில்லை. கப்பும் வந்தது.

கப்பை அணைத்தபடி முனிராஜ் அப்பா எதிரில் போய் நின்றான்.

"அப்பா... அது யாரையும் மனசுல வெச்சு எழுதலை..."

கங்கப்பன் கோட்டுக் கையால் சிரிப்புக் கண்ணீரைத் துடைத்துவிட்டு, மகனை இழுத்துக் கட்டிக்கொண்டார்.

"யாருன்னு எனக்குத் தெரியாதாடா? உன்னை நீயே மேடையேத்தி இப்படி நாறடிச்சுக்க ஒரு தைரியம் வேணும். எனக்கெல்லாம் வராது!"