இரத்தினம்மா சம்பந்தியாக நடித்த நாள்

வெள்ளவத்தை,
புதன்கிழமை காலை.

அன்புள்ள மருமகள் சாம்பவிக்கு மாமா குணநாயகம் எழுதுவது.

நானும் உன் மாமி இரத்தினம்மாவும் உயிரோடு இருக்கிறோம். நேற்றைய நாளுக்குப் பிறகு அதையே நலம் என்று எடுத்துக்கொள். மட்டக்களப்பில் நீயும் உன் கணவரும் அவருடைய தாயாரும் எங்களைவிட நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தொலைபேசியில் சொன்னால் இடையில் சிரிப்பாய், அதனால்தான் கடிதம்.

அடுத்த வாரம் உன் மாமியாரை மூன்று நாட்களுக்குக் கொழும்புக்கு அழைத்து வருவதாக எழுதியிருந்தாய். கடைகளுக்குப் போவது, நல்ல இடத்தில் சாப்பிடுவது, கடலோரமாக வான் வண்டியில் ஓடிப் பார்ப்பது எல்லாவற்றையும் மாமாதான் ஒழுங்குபடுத்த வேண்டும் என்றும், நீங்கள் தனி வீட்டுக்குப் போனதிலிருந்து அந்த அம்மா உன்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை, இந்தப் பயணத்தோடாவது மனம் மாறவேண்டும் என்றும் கேட்டிருந்தாய். முப்பத்தொரு வருடம் ரயில் நேர அட்டவணை போட்டவனிடம் இப்படிக் கேட்டால் அவன் சும்மா இருப்பானா? மூன்று நாளுக்கும் நிமிடம் நிமிடமாக எழுதினேன். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. முதல்நாள் திட்டத்தை ஒருதரம் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று, கொட்டாஞ்சேனை நபீஸின் வானைப் பேசி, உன் மாமியாரின் இடத்தில் இரத்தினம்மாவை ஏற்றி, நேற்றுக் காலை எட்டேகாலுக்குப் புறப்பட்டேன்.

காலி வீதிப் புடவைக் கடைக்கு நாற்பது நிமிடம் ஒதுக்கியிருந்தேன். நாற்பதாவது நிமிடத்தில் இரத்தினம்மா செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். "எழும்பும், நேரமாகுது" என்றேன். "ஆரை எழும்பச் சொல்லுறியள்? நான் சம்பந்தி!" என்றாள். கடைக்காரர் அதைக் கேட்டுவிட்டு, "சம்பந்தி அம்மாவோ?" என்று சோடா எடுப்பித்து, மேல்தட்டில் இருந்த சேலைகளையும் இறக்கிவிட்டார். இரண்டு மணித்தியாலம் கழித்து அவள் ஒரு கைக்குட்டையோடு வெளியே வந்தாள். "சம்பந்திக்கு ஒண்டும் பிடிக்கேல்லை" என்றாள். எனக்கு அப்போதே தலை இடிக்கத் தொடங்கிவிட்டது.

அடுத்தது புறக்கோட்டை. மூட்டை ஏற்றிய கைவண்டி ஒன்றுக்கு வழி விட்டு ஒதுங்கித் திரும்பிப் பார்க்கிறேன், இரத்தினம்மாவைக் காணவில்லை. அவளுடைய போன் என் பைக்குள். முன்னால் ஓடினேன், பின்னால் ஓடினேன், மூட்டை தூக்குபவர்களிடம் மஞ்சள் சேலை கட்டின அம்மாவைக் கண்டீர்களா என்று கேட்டேன். ஆளுக்கொரு திசையைக் காட்டினார்கள், எல்லாத் திசையிலும் மஞ்சள் சேலை நடந்துகொண்டிருந்தது. அவளுக்குக் காலையில் பிரஷர் குளிசை கொடுத்தேனா என்பதும் ஞாபகம் வரவில்லை. வானுக்கு ஓடி நபீஸிடம் சொன்னேன். "சேர், பயப்படாதீங்க. மிஸ்ஸுக்கு சிங்களம் நல்லா வரும். காணாமப் போறதா இருந்தா நீங்கதான் போவீங்க" என்றான். ஆறுதல் சொல்கிற முறையைப் பார்!

ஒரு மணித்தியாலம் ஆகியிருக்கும். பொலிசுக்குப் போவோம் என்று திரும்பியபோது, ஒரு காப்புக் கடைக்குள்ளிருந்து "மொனவாத ஓனே, நோனா?" என்று, என்ன வேணுமென்று சிங்களத்தில் விசாரிக்கிற தெரிந்த குரல் கேட்டது. உள்ளே இரத்தினம்மா, மேசைக்குப் பின்னால் இருந்துகொண்டு, ஒரு சிங்களப் பெண்ணின் கையைப் பிடித்துக் காப்பு ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"இங்க என்ன செய்யிறீர்?"

"ருக்கியா தொழப் போயிருக்கிறா. கடையைப் பாக்க ஆளில்லை எண்டா. நான் இருக்கிறன் எண்டு சொன்னனான்."

"ருக்கியா ஆர்?"

"இந்தக் கடைக்காரி. இண்டைக்குத்தான் பழக்கம்."

ஏசத்தான் நினைத்தேன். அங்கிருந்த ஸ்டூலில் இருந்துவிட்டேன். அவள் தண்ணீர்ப் போத்தலை நீட்டி என் முகத்தைப் பார்த்தாள். "என்ன, அழுறியளோ?" என்றாள். தூசி என்றேன். "முப்பத்தாறு வருஷமாக் கொழும்பில இருக்கிறன். மீனுக்கும் மரக்கறிக்கும் டொக்டரிட்டையும் தவிர என்னை எங்கையாவது கூட்டிக்கொண்டு போயிருக்கிறியளோ? இண்டைக்கும் உங்கட சம்பந்திக்காகத்தான் வந்தனீங்கள்." அந்தச் சிங்களப் பெண்ணுக்குத் தமிழ் விளங்கியிராது, ஆனாலும் அவள் என்னைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை.

அதன் பிறகு ருக்கியா வந்து, தேத்தண்ணி வந்து, மூன்று மணிக்குத்தான் கொட்டாஞ்சேனைக்குப் போய்ச் சேர்ந்தோம். நண்டுக்கறிக்குப் பேர்போன கடை. நண்டு மேசைக்கு வந்த பிறகு, "இண்டைக்குச் செவ்வாய். சம்பந்தி செவ்வாயில மச்சம் மாமிசம் சாப்பிடுறவாவோ எண்டு கேட்டனீங்களோ?" என்றாள். கேட்கவில்லை, பிள்ளை. உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் பருப்போடு சாப்பிட, இரண்டு பேருடைய நண்டையும் நானே தின்று தீர்த்தேன். இதை எழுதும்போதும் வயிறு சரியில்லை.

மிச்சமிருந்தது கடலோரச் சவாரி ஒன்றுதான். காலிமுகத்திடலுக்குப் போகிற வழியில் "சேர், ரோட் குளோஸ் பண்ணி ஈக்கி" என்று நபீஸ் வானைத் திருப்பினான். யாரோ பெரியவர் போகிறாராம். சந்து சந்தாக நுழைந்து, பம்பலப்பிட்டியில் முக்கால் மணித்தியாலம் நின்று, கடைசியில் ஓர் ஒழுங்கையால் இறங்கிக் கடலோரம் வந்தபோது சூரியன் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. "அங்கை பாரும்!" என்று கையைக் காட்டினேன். காட்டிய கைக்கு நேரே, கரையோரத் தண்டவாளத்தில் ரயில் வந்தது. பெட்டி பெட்டியாகப் போய் முடிந்தபோது சூரியனும் முடிந்திருந்தது. ரயிலைக் குறை சொல்ல முடியாது. நேரம் தவறாமல்தான் வந்தது. அந்த நேரத்தைப் போட்டவனே நான்தான். இரத்தினம்மா வான் சீற்றில் சரிந்து சரிந்து சிரித்தாள், நபீஸும் சேர்ந்து சிரித்தான்.

ஆகவே பிள்ளை, கேள். உன் மாமியாரை இங்கே கூட்டி வராதே. ஏற்கெனவே முகம் கொடுக்காத மனுசி, இப்படி ஒருநாள் அலைந்தால் ஆயுசுக்கும் உன்னோடு கதைக்க மாட்டா. பாசிக்குடாவுக்குக் கூட்டிப்போய்க் கடலைக் காட்டிவிட்டு வீட்டுக்குத் திரும்பு. அட்டவணையை நான் கிழித்துவிட்டேன்.

உனக்கும் உன் கணவருக்கும் எங்கள் ஆசிகள். அந்த அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல், காரணத்தைச் சொல்லாதே.

இப்படிக்கு,
களைத்துப்போன மாமா,
குணநாயகம்

பி.கு.: உறையை ஒட்ட முன்னர் இரத்தினம்மா இதை எடுத்து வாசித்துவிட்டு, நேரே உன் மாமியாருக்கே போன் எடுத்தாள். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இரண்டு பேரும் கதைத்தார்கள். அவருக்கு உன்னில் கோபம் ஒன்றும் இல்லையாம். நீங்கள் போன பிறகு பகலில் கதைக்க ஆளில்லை, அதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் இருந்தாராம். ஞாயிற்றுக்கிழமையே தனியாக பஸ் ஏறுகிறார். ஒரு கிழமை நிற்பாராம். நபீஸின் வானையும் பேசியாகிவிட்டது. நீங்கள் இரண்டு பேரும் ஆறுதலாகப் பின்னால் வந்தால் போதுமாம். வானில் எனக்கு இடம் இருக்கிறதா என்று கேட்டேன். "பாப்பம்" என்றாள்.