தொக்-சு அடித்த பாட்டில்

"அதுவா மாமா? நேத்து நீங்க டவுனுக்குப் போனப்பவே முழுசா அடிச்சிட்டேனே!"

மச்சினன் தொக்-சு வாயெல்லாம் பல்லாகச் சொன்னான். கிம்ச்சி ஊறுகாய் வைக்கும் குளிர்பெட்டியைத் திறந்து, காலி பாட்டிலும் கையுமாக நின்ற புங்-சிக் அதைக் கவிழ்த்து உதறிப் பார்த்தார்; ஒரு சொட்டுகூட விழவில்லை.

அந்தக் குளிர்பெட்டியில் எப்போதும் தொக்-சுவின் அரிசிக்கள்ளு பாட்டில்கள் வரிசையாக நிற்கும். பக்கத்திலேயே, அதே பால் நிறத்துச் செடி மருந்தையும் வைத்தால் என்ன ஆகும்? இதுதான் ஆகும்.

போன குளிர்காலத்தில் சாம்பல் பூஞ்சை வந்து அவருடைய ஸ்ட்ராபெர்ரிப் பசுமைக்குடில் முழுக்க அழுகிப்போனது. இந்த வருஷமும் போனால் குடிலை விற்றுவிட்டு மகள் வீட்டில் போய் ஒண்ட வேண்டியதுதான். எந்த மருந்துக்கும் அடங்காத சனியன் அது. ஆராய்ச்சி நிலையத்திலிருந்து டாக்டர் நாம் என்ற பெண் தாமாகவே தேடி வந்து ஒரே ஒரு பாட்டில் கொடுத்தார்.

"ஆர்என்ஏ மருந்துங்க ஐயா, விஷமில்ல. பூஞ்சை இதை உறிஞ்சினா, அது வளர உதவுற ஜீன் வாயை மூடிக்கும். நுண்களிமண் கலந்திருக்கு, இலையில நல்லா ஒட்டிக்கும். சாயங்காலமா அடிங்க."

அந்தப் பெண் நூறு வருஷம் நல்லா இருக்கணும் என்று புங்-சிக் மனசார வேண்டிக்கொண்டிருந்தார். இப்போது அவர் முகத்தில் எப்படி விழிப்பது?

தொக்-சுவைத் திட்டவும் வாய் வரவில்லை. போன வருஷம் அழுகின செடிகளைப் பிடுங்க ஊரில் ஒருத்தரும் எட்டிப் பார்க்காதபோது, கூடவே குனிந்து பிடுங்கியவன் அவன் ஒருத்தன்தான்.

"உடம்புக்கு ஏதாவது செய்யுதாடா?"

"முதுகுதான் லேசா வலிக்குது மாமா."

முதுகுக்கு இறங்கிவிட்டதா! புங்-சிக் ஓடிப்போய், விலையுயர்ந்த சிப்பி வாங்கி, தானே கஞ்சி காய்ச்சினார்.

"இதைக் குடி. இனிமே கள்ளு கூடாது, காளான் கூடாது, சோயா விழுதும் கூடாது."

"ஏன் மாமா?"

"எல்லாம் பூஞ்சை சமாச்சாரம்டா. உள்ள போய் சண்டை போட்டுக்கும்!"

"நீங்க சொன்னா சரி மாமா" என்று தொக்-சு கிண்ணத்தை வழித்து நக்கினான்.

அன்று சாயங்காலமே டாக்டர் வந்து நின்றார்.

"மருந்து அடிச்சாச்சா ஐயா?"

"இ... இல்லம்மா. இன்னிக்குத்தான்..."

"நல்லதாப் போச்சு. பாட்டிலை எடுங்க, நானே அடிச்சுக் காட்டுறேன்."

புங்-சிக் சமையலறைக்குள் பாய்ந்தார். குழம்புக்கென்று எடுத்து வைத்திருந்த அரிசி கழுவின தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றிக் கொண்டுவந்து நீட்டினார்.

டாக்டர் குலுக்கிப் பார்த்தார். "கொஞ்சம் தண்ணியா இருக்கே?"

"குளிர்ல இருந்துச்சுல்ல" என்று வாய்க்கு வந்ததை உளறினார்.

டாக்டர் தெளித்துவிட்டுக் கிளம்பினார். அப்புறம்தான் புங்-சிக்குக்கு உறைத்தது. அரிசித் தண்ணி பூஞ்சைக்குச் சாப்பாடு ஆயிற்றே! குழாயைத் திறந்து செடிகளைக் கழுவினார். ஐயோ, ஈரம் பூஞ்சைக்கு உயிராச்சே! ஈரம் காயட்டும் என்று ஹீட்டரைப் போட்டார். சாப்பாடு, ஈரம், கதகதப்பு. மாப்பிள்ளைக்குக்கூட இப்படி ஒரு விருந்து கிடைக்காது. புங்-சிக் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த வாரம் டாக்டர் பூதக்கண்ணாடியோடு வந்தார். பக்கத்துக் குடிலில் சாம்பல் படர்ந்து கிடந்தது. இங்கே செடிக்குச் செடி பழம் செக்கச்செவேலென்று தொங்கியது.

"ஐயா, ஜெயிச்சிட்டோம்!" டாக்டருக்குக் குரல் உடைந்தது. "எத்தனை வருஷ உழைப்பு! உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல."

புங்-சிக்குக்குப் பொறுக்கவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டியது.

"எனக்கு எதுக்கும்மா நன்றி? நீ அடிச்சது அரிசி கழுவின தண்ணி. உன் மருந்தை... இதோ நிக்கிறானே, இவன் அரிசிக்கள்ளுன்னு நெனச்சு மொத்தமா அடிச்சிட்டான்!"

தொக்-சு கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

"செடிக்குத்தான் மாமா அடிச்சேன், முதுகு ஒடிய ஸ்பிரேயரைத் தூக்கிக்கிட்டு! அந்த நன்றிக்குத்தான் கஞ்சி ஊத்துறீங்கன்னு நம்பி, ஒரு வாரமா கள்ளைத் தொடாமல்ல இருக்கேன்!"