பதிவு ஓரிடம், முடிவு ஓரிடம்

அத்தை ஏணியோடு கூடத்துக்குள் வந்தபோது, தேர்வு தொடங்கக் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

"இப்பவா அத்தை ஃபேன் துடைக்கணும்?" மருமகள் மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"தூசி நேரம் பாத்தா விழுது?" அத்தை ஏணியைச் சரியாக அவள் நாற்காலிக்கு முன்னால் விரித்தார். "உனக்கென்ன இப்போ?"

"ஆபீஸ் மீட்டிங்."

"லீவு நாள்லயா?"

"வெளிநாட்டுக் கம்பெனி அத்தை. அவங்களுக்கு இன்னைக்கு லீவு இல்லை."

சொன்னதில் பாதி உண்மை. எதிர்முனையில் இருந்தது வெளிநாடுதான். கம்பெனி இல்லை, பல்கலைக்கழகம். ஒரு நாட்டில் பதிவாகி, இன்னொரு நாட்டிலிருந்து நடத்தப்பட்டு, மூன்றாவது நாட்டில் வம்பில் மாட்டிக்கொள்ளும் கம்பெனிகளுக்கு எந்த ஊர்ச் சட்டம் செல்லும் என்பதுதான் அவள் வேலைக்குப் போய்க்கொண்டே படித்த படிப்பு. போன தடவை வாய்மொழித் தேர்வில் ஒரே கேள்வியில் வாயடைத்துப்போய்த் தோற்றாள். அழுது முகம் வீங்கிக் கிடந்தவளிடம், "இந்தப் படிப்பே வேண்டாம்மா, உடம்புதான் கெடும்" என்றார் அத்தை. விட்டுவிட்டேன் என்று சொல்லிவிட்டாள். விடவில்லை. இன்று கடைசி வாய்ப்பு. தவறினால் பல்கலைக்கழகம் அவள் பெயரை நீக்கிவிடும்.

படிப்பதைவிடப் படிப்பை மறைப்பது பெரும்பாடாக இருந்தது. தினமும் காலையில் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, மனதில் பதியட்டும் என்று பாடத்தைத் தமிழிலேயே சொல்லிப் பார்ப்பாள். அத்தை கதவைத் தட்டுவார். "வயித்தை ஏதாவது பண்ணுதாம்மா?"

பண்ணுகிறது என்று ஒருநாள் சொல்லித் தொலைத்தாள். அன்றிலிருந்து குளியலறை வாசலில் ஒரு தம்ளர் கசப்பு மருந்து காத்திருந்தது. அதைக் குடித்ததில் வயிறு நிஜமாகவே கெட்டது.

கூடத்தை ஏணிக்கு விட்டுவிட்டுப் படுக்கையறைக்கு ஓடினாள். அங்கே மெத்தை சுவரோரம் நிமிர்ந்து நின்றது. அவள் உட்காருவதற்குள் அத்தை தடியோடு பின்னாலேயே வந்து அதை இரண்டு சாத்து சாத்தினார். அறை புகை மண்டலமானது. அடுக்கடுக்காகத் தும்மினாள்.

"வெள்ளைக்காரன் முன்னாடி இப்படித் தும்மினா நல்லாவா இருக்கும்? வேற எடம் பாத்துக்கோ."

மிச்சம் இருந்தது சாமான் அறை. பழைய பெட்டிகளுக்கு நடுவே ஒரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தாள். இணையம் வரவில்லை. ஜன்னலைத் திறந்த பிறகுதான் எட்டிப் பார்த்தது. கூடவே மாமாவின் வழுக்கைத் தலையும் தெரிந்தது. கொல்லைப்புறத்தில், ஜன்னலுக்கு நேர் கீழே நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, கொஞ்சம் தள்ளி உக்காரலாமே?"

"இங்கதாம்மா நிழலா இருக்கு." அவர் தலையில் வெயில் பளபளத்தது.

அதற்குமேல் பேச நேரமில்லை. திரையில் பேராசிரியை வந்துவிட்டார். குட்டையாக வெட்டிய நரைமுடி, கழுத்து நிறையக் கம்பளி. முதல் கேள்விகள் சுமுகமாகப் போயின. பிறகு அவர் கண்ணாடியைக் கழற்றினார். போன தடவையும் இப்படித்தான் கழற்றினார்.

"ஒரு நிறுவனம் ஒரு நாட்டில் பதிவாகியிருக்கிறது. அதன் நிர்வாகம் முழுக்க வேறொரு நாட்டில். அது எந்த நாட்டு நிறுவனம்?"

அதே கேள்வி. குழாய்ச் சத்தத்துக்கு நடுவே எத்தனையோ தடவை சொன்ன பதில், தண்ணீரோடு தண்ணீராகப் போய்விட்டது. தனக்குள் எப்போதும் ஒருத்தி உட்கார்ந்து 'உன்னால் முடியாது' என்று சொல்லிக்கொண்டே இருப்பதும், அவளுக்கு மட்டும் ஒருநாளும் வாயடைக்காததும் நினைவுக்கு வந்தன.

"வீடு உங்க பேர்ல பதிவாயிருந்தா ஆச்சா?"

ஜன்னலுக்கு வெளியே அத்தையின் குரல்.

"பத்திரத்தைப் பாக்கறவன் உங்க வீடுன்னுதான் சொல்லுவான். உள்ள வந்து பாக்கறவன் என்ன சொல்லுவான்? இங்க முடிவெல்லாம் எங்க எடுக்கறாங்க? என் அடுப்படியில. அப்போ இது யாரு வீடு?"

மாமா பேப்பரைப் புரட்டும் சரசரப்பு கேட்டது.

மருமகளின் முதுகு நிமிர்ந்தது. "இரண்டு கொள்கைகள் இருக்கின்றன" என்று தொடங்கினாள். பதிவான இடத்தைப் பார்க்கும் நாடுகள், முடிவெடுக்கும் இடத்தைப் பார்க்கும் நாடுகள், இரண்டும் மோதினால் என்ன ஆகும் என்பது எல்லாம் மடை திறந்ததுபோல் வந்தன.

பேராசிரியை தலையசைத்துக்கொண்டே கேட்டார். "அங்கே ஏதோ சண்டை போலிருக்கிறதே?"

"என் மாமியார். அதிகார எல்லை பற்றிய வழக்கு."

"தீர்ப்பு?"

"அவருக்குச் சாதகமாகத்தான் வரும்."

பேராசிரியை வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, தேறிவிட்டாய் என்றார்.

மடிக்கணினியை மூடிவிட்டு வாளியிலிருந்து எழுந்தாள். நெஞ்சு நிறைய நன்றி இருந்தது. ஆனால், உதவினோம் என்றே தெரியாத ஒருவருக்கு அதை எப்படிச் சொல்வது? சொன்ன பொய்களையெல்லாம் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். துணிந்து கொல்லைப்புறம் போனாள். அத்தை அங்கே இல்லை. அடுப்படியில் பாத்திரச் சத்தம் கேட்டது. மாமா மட்டும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நிஜமான நிழலுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"அத்தை அப்படியா உங்களைத் திட்டுவாங்க? நீங்க அப்படி என்னதான் சொன்னீங்க மாமா?"

"நான் எங்கம்மா வாயைத் திறந்தேன்?" மாமா தலையைத் தடவிக்கொண்டார். "பாத்ரூம் வாசல்ல நின்னு கேட்டுக் கேட்டு உன் பாடம், பரீட்சை எல்லாம் அவளுக்கு அத்துப்படி. 'ஏணியை எடுத்துக் குடுங்க, அவளைச் சாமான் ரூமுக்கு ஓட்டிவிடறேன். நீங்க போய் ஜன்னலுக்குக் கீழ உக்காருங்க. அவ பேச்சு நின்னுச்சுன்னா மட்டும் உங்களைத் திட்டுவேன்'னு காலையிலேயே சொல்லிட்டா. ஆமா, பாஸ் பண்ணிட்டியா, இல்ல நான் திரும்ப வெயில்ல உக்காரணுமா?"