சோபியாவின் தோல் வந்த பெட்டி

இயேசு மரி சூசை

வரதராசன்பேட்டை
18.9.2006

சென்னையிலிருக்கும் அன்புத் தம்பி மரிய செல்வத்துக்கு அண்ணன் அமிர்தசாமி ஆசீருடன் எழுதுவது. இவ்விடம் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. அவ்விடத்திலாவது எல்லோரும் சுகமாயிருங்கள்.

முந்திரிக்கொட்டை வறுக்கையில் அதன் எண்ணெய் தீப்பற்றி என் மகள் சோபியாவின் வலது கை வெந்தது உனக்குத் தெரியும். விரல் மடங்கினால்தான் அவள் மறுபடி பள்ளிக்கூடத்தில் சாக்பீஸ் பிடிக்க முடியும். அதற்காக அவள் தொடையில் தபால்தலை அளவு தோலெடுத்து, அதிலிருந்த மூல உயிரணுக்களை வளர்த்து, புதுத்தோல் செய்து, உறைய வைத்து, உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் ஒரு தெர்மோகோல் பெட்டியில் கொடுத்தார்கள். "உள்ள இருக்கிற ஐஸ் நாளைக் காலை வரைக்கும் தாங்கும். திருச்சி டாக்டர்தான் தொறக்கணும்" என்றார்கள். தலையாட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் சோபியாவோடு திருச்சி போகலாம் என்று பெட்டியை வீட்டில் வைத்தேனா, ஊருக்கே மூக்கில் வேர்த்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாய் ஆறு ஆரஞ்சுப் பழத்தோடு நலம் விசாரிக்க வந்தது. "புள்ளைய பாத்தாச்சு. அது தோலு வந்திருக்காமே, அதைப் பாக்காம போனா நல்லாவாங்க இருக்கும்?" என்றது. பழத்தை வாங்கி வைத்த பிறகு மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? திறந்தேன். குபுகுபுவென்று புகை வந்ததும், "ஆத்தாடி!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, தெருவெல்லாம் சொல்லிவிட்டது. அப்புறம் ஹார்லிக்ஸோடு வந்தவர்கள், ரொட்டியோடு வந்தவர்கள், வெறுங்கையோடு வந்தவர்கள், எல்லோருக்கும் ஒரு தரம் திறந்தாயிற்று. கடைசியில் நம் கோயில் உபதேசியார் சவரிநாதன் செபம் சொல்லித் தீர்த்தத்தை எடுத்தார். மூடிமேலேயே தெளியுங்கள் என்றேன். "மூடியில தெளிச்சா தோலுக்கு எப்படிங்க எறங்கும்? புது சைக்கிளையே காகிதத்தைப் பிரிச்சுட்டுத்தானே மந்திரிக்கிறோம்?" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

காலையில் பெட்டியைத் திறந்த திருச்சி டாக்டர், "ஐஸே இல்லையே சார், தோலு கெட்டுப்போச்சு" என்றார்.  சோபியா பஸ்ஸில் ஊர் வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வயிறு எரியுதுடா தம்பி. இந்த ஊர் சனம் உருப்படுமா? நீ போய் ஆஸ்பத்திரிக்காரங்க கால்ல விழுந்தாவது மறுபடி வளர்க்கச் சொல்லு. திரும்பவும் அவ தொடையில வெட்டணும்னு நெனச்சாலே சோறு எறங்கலை.

உன் மனைவி மக்களுக்கு அடைக்கல மாதா துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
அமிர்தசாமி

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் சோபியா இதை வாங்கிப் படித்துவிட்டு, "மொதல்ல தொறந்தது யாருன்னு எழுதலையேப்பா" என்றாள். ஊர்மேல் பழி போட்டது தப்பு. பொன்னுத்தாய்க்கு முன்பே, விருத்தாசலத்தில் பஸ் மாறும்போது நான்தான் திறந்தேன். அவளிடம் மட்டும் சொல்லியிருந்தேன். அவள் வலது கையில் வேகாத தோலைப் பார்த்து நாலு மாசமாச்சு. ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்றுதான். இப்போது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. பாதித் தோலை அங்கேயே உறைய வைத்திருக்கிறார்களாம். நீ யார் காலிலும் விழவேண்டாம். நீயே வாங்கி நேராகத் திருச்சிக்குக் கொண்டு வந்துவிடு. என் கண்ணில் மட்டும் காட்டாதே.