இரு சம்பந்திகளும் ஒரு குக்கியும்

வாசகரே, சாட்சியும் நீங்களே, தீர்ப்பும் உங்களுடையதே. கல்லூரி மேடைகளில் எதிரணியை வாயடைக்க வைத்த ஒருவன், தன் வாயை மூடத் தெரியாமல் ஒரு கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்த கதை இது. அந்த ஒருவன் நானே.

இரண்டாயிரங்களின் தொடக்கம். சின்ன காஞ்சிபுரத்தில் இருந்த சித்தப்பாவின் பட்டுக்கடைக்கு ஓர் இணையதளம் அமைத்தேன். கடைக் கணினியில் பெயரைத் தட்டி, புடவை யாருக்கு, என்ன விலையில் என்று வாடிக்கையாளர்கள் தேடலாம். தேடியதைக் 'குக்கி' என்ற சிறு கோப்பு அந்தக் கணினியிலேயே குறித்துக்கொண்டு, அடுத்த முறை திறந்ததும் காட்டும்.

"ஏம்பா, எழுதி வெக்கறதுக்கு முன்னாடி அவங்கள ஒரு வார்த்தை கேக்க வேணாமா?" என்றார் சித்தப்பா.

"விருந்தினரிடம், 'உம்மை நினைவில் வைத்துக்கொள்ளலாமா?' என்று அனுமதி கேட்பதா நம் பண்பாடு?" என்று முழங்கினேன். (அவர் எழுந்து போய்விட்டார். அதை நான் வெற்றியாக எடுத்துக்கொண்டேன்.)

மறுவாரம் கோமதி அம்மாள், மகள் கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க, சம்பந்தி சரோஜா அம்மாளோடு வந்தார். இருவரும் முன்பே தனித்தனியாக வந்து, கணினியில் தேடிவிட்டுப் போனவர்கள்தான். மொத்த ஜவுளியும் எங்கள் கடையில்தான் என்று பேச்சு. நான் தளத்தைத் திறந்து, திரையில் வந்ததைக் கடைசி வரிசைக்கும் கேட்கும் குரலில் வாசித்தேன்:

"வருக, கோமதி அம்மையாரே! சென்றமுறை தாங்கள் தேடியது: மாப்பிள்ளையின் தாயாருக்கு, உள்ளதிலேயே விலை குறைந்தது!"

"இன்னாமா இது? எனக்குண்டான மரியாத இவ்ளோதானா?" சரோஜா அம்மாள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். கோமதி அம்மாளின் கண்கள் கலங்கிவிட்டன.

தோல்வியை ஒப்புக்கொள்ளும் பயிற்சி எனக்கில்லை. "இயந்திரம் ஓரவஞ்சனை அறியாது, அம்மையீர்!" என்று அதற்கு முந்தைய பதிவையும் திறந்து வாசித்தேன்:

"வருக, சரோஜா அம்மையாரே! தாங்கள் தேடியது: பெண்ணின் தாயாருக்கு, உள்ளதிலேயே விலை குறைந்தது!"

முதலில் சிரித்தவர் கோமதி அம்மாள். பை மீண்டும் கீழே இறங்கியது. அடுத்த நொடி இருவரும் ஓரணியாகி, என்னை எதிரணியாக்கினார்கள்.

"கேக்காமகொள்ளாம எழுதி வெச்சிக்கினு, தண்டோரா வேற போடறியா?" என்றார் கோமதி அம்மாள்.

"மொதல்ல அத அழிபா. அப்புறம் எல்லார் முன்னாலயும் சத்தியம் பண்ணு. அப்பதான் ஜவுளி," என்றார் சரோஜா அம்மாள்.

அழித்தேன். (இன்றும் எங்கள் வீட்டில் யாராவது ரகசியம் பேசத் தொடங்கினால், "இரு, அவன் கணினிய அணைச்சிட்டானா பாரு" என்கிறார்கள்.) பிறகு முக்காலியில் ஏறி நின்று, தெருவே கேட்கும்படி சொன்னேன்:

"அவையோரே! இனி நீங்கள் 'சரி' என்று சொல்லாமல் என் தளம் எதையும் குறித்துவைக்காது. 'சரி' என்றே சொன்னாலும், நான் உரக்க வாசிக்க மாட்டேன்!"